தோட்டம் வீடமைப்புப் பகுதியாகும் வேளையில்

ஜொகூரின் உட்பகுதியில் உள்ள ரப்பர்த் தோட்டம் ஒன்றிற்கு அண்மையில் நாம் சென்றிருந்தோம். தோட்டத்தின் பெயரை இங்குக் குறிப்பிட வேண்டுவதில்லை. அம்மக்களின் காரியம் இன்னும் முடிவாகவில்லை. விடியற்காலையில் பால்வெட்டச் சென்ற மாதர் இருவர், தம் நிரையின் ஓரத்தில் செந்துணி கட்டிய முளைக்குச்சிகள் வரிசையாக நடப்பட்டிருப்பதைக் கண்டனர். மங்கில் பால் இறங்கும் முன்னரே செய்தி லயம் முழுதும் பரவிவிட்டது. தோட்டம் விற்கப்பட்டுவிட்டது என்றார் ஒருவர். ஆயிரம் வீடுகள் வரப்போகின்றன என்றார் இன்னொருவர். நிர்வாகத்திடமிருந்து கடிதம் ஏதும் வரவில்லை. செய்தி கொண்டு வந்தவை முளைக்குச்சிகளே.

அன்றிரவு கோயில் மண்டபத்தில் கூடிப் பேசினர். நாம் அங்கு வேறொரு நிகழ்ச்சிக்காகச் சென்றிருந்ததால், எம்மையும் அழைத்து அமர்த்தினர். ஏறத்தாழ நாற்பது பேர் இருந்தனர். கூட்டம் தொடங்கிய சிறிது நேரத்திலேயே மக்கள் இரு பிரிவாகிவிட்டதைக் கண்டோம். செனாய், கூலாய் வட்டாரத்து ஆலைகளில் வேலை செய்யும் இளைஞர்கள் மகிழ்ந்தனர். "வீடமைப்பு வந்தால் நமக்கும் ஒரு வீடு கிடைக்கும், நல்ல சாலை வரும்" என்பது அவர்கள் எண்ணம். முதியவர்களோ அஞ்சினர். மூதாட்டி ஒருவர் எழுந்து, "வீடு வரும்னு சொல்றீங்க தம்பி. அது வர்றதுக்குள்ள நான் எங்க போய்ப் படுக்கிறது?" என்று கேட்டார். அதற்கு எவரும் விடை கூறவில்லை.

ஆசிரியர் பயிற்சி பெற்ற பழக்கம் எளிதில் விடுமா? பள்ளியிலிருந்து கரும்பலகை ஒன்றைக் கொண்டுவரச் சொன்னோம். அன்று அதில் எழுதிக் காட்டியவற்றுள் வாசகர்க்குப் பயன்படுவனவற்றை ஈண்டுத் தருகின்றோம்.

நீண்ட காலம் குடியிருத்தல் உரிமையாகுமா?

முதலில் எழுந்த வாதம் இதுவே. ஓய்வு பெற்ற மண்டோர் ஒருவர், "எங்கள் பாட்டன் காட்டை அழித்த தோட்டம் ஐயா இது. மூன்று தலைமுறை ஆயிற்று. எங்களை எப்படி எழுப்ப முடியும்?" என்றார். அவர் கூற்றில் உள்ள நியாயத்தை நாம் மறுக்கவில்லை. ஆயினும் சட்டம் வேறு வகையாக இருக்கின்றது என்பதை அவரிடம் மறைக்கவும் இல்லை.

1965 ஆம் ஆண்டுத் தேசிய நிலச் சட்டத் தொகுப்பின்படி, பிறர் பெயரில் பதிவான நிலத்தில் எத்தனை ஆண்டுகள் குடியிருந்தாலும், அக்குடியிருப்பு ஒன்றே நில உரிமையைத் தராது. அரசாங்க நிலத்திற்கும் அதுவே விதி. தற்காலிகக் குடியிருப்பு அனுமதி என்று ஒன்று உண்டு. அதனைப் பலர் பட்டா போலவே எண்ணிப் பெட்டியில் பூட்டி வைத்திருக்கின்றனர். அவ்வனுமதி அந்த ஆண்டின் இறுதிக்கு மேல் செல்லாது. அதனைப் பிறருக்கு மாற்றித் தரவும் இயலாது. பெற்றவர் இறந்தால் அதுவும் முடிவுறும். மகனுக்கு வாராது.

பினாங்கு, குளுகோரிலிருந்த கம்போங் புவா பாலாவின் வரலாறு பலருக்கும் நினைவிருக்கும். அங்குக் குடியிருந்தோர் பழைய பிரௌன் தோட்டத்துத் தொழிலாளர்களின் வழித்தோன்றல்கள். தலைமுறை தலைமுறையாக மாடு வளர்த்து வாழ்ந்தவர்கள். நிலம் கூட்டுறவுக் கழகம் ஒன்றிற்குக் கைமாறி, அடுக்குமாடிக் குடியிருப்புத் திட்டம் வந்தது. மக்கள் நீதிமன்றம் சென்றனர். 2009 ஆம் ஆண்டில் கூட்டரசு நீதிமன்றம் வரை சென்றும் அவர்கள் வெற்றி பெறவில்லை. அவ்வாண்டே வீடுகள் இடிக்கப்பட்டன. அவர்களிடமிருந்தது தற்காலிக அனுமதியே என்பது வழக்கில் பெரிதும் எடுபட்டது.

மண்டோர் நெடுநேரம் பேசாதிருந்தார். பிறகு, "அப்படியானால் எங்களுக்கு ஒன்றுமே இல்லையா?" என்றார். இருக்கின்றது. ஆனால் அதனைத் தேடவேண்டிய இடம் வேறு, வேளையும் வேறு.

தோட்டம் கைமாறும் வழி

மரங்களை வைத்தே வருவதை ஓரளவு அறியலாம். ரப்பர் மரம் இருபத்தைந்து, முப்பது ஆண்டுகளில் பலன் குன்றிவிடும். பின்னர் மறுநடவு செய்யவேண்டும். பழைய மரங்களைப் பட்டை மிச்சமின்றி மேலும் கீழும் வெட்டிப் பாலெடுத்த பின்னும் மறுநடவுக்கு நாற்றுப் பண்ணை போடப்படவில்லையெனில், லயங்களின் கூரை ஒழுகியும் பழுது பார்க்கப்படவில்லையெனில், அந்நிலத்திற்கு வேறு திட்டம் இருக்கின்றது என்று கருத இடமுண்டு. தோட்ட மக்கள் இதனைக் கண்ணாரக் கண்டும் காரணம் வினவுவதில்லை. முளைக்குச்சி நட்ட பின்னரே வினவுகின்றனர்.

ஜொகூரின் தெற்குப் பகுதியில் இம்மாற்றம் விரைந்து நடைபெற்றது. 2006 ஆம் ஆண்டு நவம்பரில் தொடங்கப்பெற்ற இஸ்கந்தர் மலேசியா வட்டாரம் தொடக்கத்தில் 2,217 சதுரக் கிலோமீட்டர் பரப்புடையதாக இருந்தது. சிங்கப்பூரைப் போல் ஏறத்தாழ மூன்று மடங்கு. அதற்கு முன்னரே ஸ்கூடாய்ப் பகுதியில் தோட்டங்கள் நகரங்களாகத் தொடங்கிவிட்டன. ரினித் தோட்டம் இருந்த இடத்தில் இன்று முத்தியாரா ரினி என்னும் நகரம் இருக்கின்றது. ரினித் தோட்டத் தமிழ்ப்பள்ளி தோட்டத்தின் பெயரையே தாங்கி அந்நகரில் நடைபெறுகின்றது. தோட்டம் போயிற்று, பெயரும் பள்ளியும் நின்றன. இஃது எல்லாத் தோட்டங்களுக்கும் வாய்த்த பேறு அன்று.

ஒரே தொகுதியாக 40 ஹெக்டருக்குக் குறையாத விவசாய நிலம் 'தோட்ட நிலம்' எனப்படும். அதனை விற்கவோ மாற்றித் தரவோ மாநிலத் தோட்ட நில வாரியத்தின் ஒப்புதல் வேண்டும். இந்த ஏற்பாடு பிறந்த காரணத்தையும் அறிந்துகொள்வோம். 1950களிலும் அறுபதுகளிலும் ஐரோப்பிய முதலாளிகள் பலர் தோட்டங்களை விற்றுச் சென்றனர். வாங்கியோர் அவற்றைச் சிறு துண்டுகளாக்கி விற்றனர். வேலையும் வீடும் ஒரே நாளில் இழந்த குடும்பங்கள் பல. அத்துண்டாடலை ஆராய்ந்து பேராசிரியர் உங்கு அசீஸ் எழுதிய அறிக்கை அறுபதுகளின் தொடக்கத்தில் வெளிவந்தது. துன் வீ. தி. சம்பந்தன் தோட்டந்தோறும் சென்று, தொழிலாளர் தம் ஊதியத்தில் சேமித்துத் தாமே தோட்டம் வாங்கலாம் என எடுத்துரைத்து, 1960 இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். மறு ஆண்டே கெடா மாநிலத்துப் புக்கிட் சீடிம் தோட்டத்தை அச்சங்கம் வாங்கியது. கூட்டத்திலிருந்த இளைஞருள் ஒருவரும் இதனை அறிந்திருக்கவில்லை. அவர்தம் பாட்டியார் அறிந்திருந்தார். பங்குச் சீட்டு இன்னும் பெட்டியில் இருக்கிறதாம்.

பேசுவதற்குரிய வேளை

வாசகர்கள் இப்பகுதியைச் சற்று நிதானமாகப் படிக்கவேண்டுகின்றோம். அன்றைய கூட்டத்தில் பெரும்பாலார்க்குத் தெரியாதிருந்தது இதுவே.

1976 ஆம் ஆண்டு நகர், கிராமத் திட்டமிடல் சட்டத்தின்படி, ஊராட்சி மன்றம் தன் வட்டாரத்திற்கு ஒரு திட்டம் வரைகின்றது. தேசிய மொழியில் இதனை 'ரஞ்சாங்கான் தெம்பத்தான்' என்பர். எந்த நிலம் விவசாயத்திற்கு, எது வீடமைப்பிற்கு, எது தொழிற்சாலைக்கு, எங்கே பள்ளி, எங்கே வழிபாட்டிடம், எங்கே இடுகாடு என்பன அதில் வண்ணமிட்டுக் காட்டப்பெறும். அத்திட்டத்தின் நகல் முடிவாகும் முன் மக்கள் பார்வைக்கு வைக்கப்படவேண்டும். நாளிதழ்களில் அறிவிப்பு வரும். ஆட்சேபம் அல்லது கருத்துத் தெரிவிக்க நான்கு வாரத்திற்குக் குறையாத தவணை தரப்படும். எழுதித் தருவோர், தம்மை நேரில் அழைத்துக் கேட்கவேண்டும் என்று அக்கடிதத்திலேயே வேண்டிக்கொண்டால், அதற்கென அமைக்கப்படும் குழு அவர்களைச் செவிமடுக்கவேண்டும்.

இங்கு நில உரிமையாளர் மட்டுமே பேசலாம் என்ற கட்டுப்பாடு இல்லை. லயத்தில் குடியிருப்பவரும் எழுதலாம். தோட்டப்பள்ளியின் பெற்றோர் சங்கமும் கோயில் நிர்வாகமும் எழுதலாம். 'எம் தோட்டம் வீடமைப்புக்குரியதாகுமாயின், இங்கு வாழும் குடும்பங்களுக்கும் பள்ளிக்கும் கோயிலுக்கும் வரைபடத்தில் இடம் காட்டுக' என்று கேட்கத் தக்க வேளை அதுவே.

அவ்வேளை தவறினால் நிலைமை மாறிவிடும். வட்டாரத் திட்டம் நடைமுறையில் இல்லாத இடத்தில் ஒருவர் கட்டுமானத்திற்குத் திட்ட அனுமதி கோரினால், அண்டை நில உரிமையாளர்களுக்கு ஊராட்சி மன்றம் எழுத்து மூலம் அறிவித்து, 21 நாளுக்குள் ஆட்சேபம் தெரிவிக்க வாய்ப்பளிக்கவேண்டும். அண்டை நிலம் என்பது ஒட்டிய நிலம், அல்லது 20 மீட்டருக்கு மேற்படாத சாலை, கால்வாய் முதலியவற்றால் மட்டும் பிரிந்திருக்கும் நிலம், முட்டுச்சாலையாயின் 200 மீட்டருக்குள் உள்ள நிலம். கூர்ந்து நோக்குக: அறிவிப்பு செல்வது உரிமையாளருக்கு. லயத்தில் குடியிருப்பவர் எவருக்கும் உரிமையாளர் அல்லர். அவர் குடியிருக்கும் நிலமோ விண்ணப்பம் செய்தவருடையது. ஆகவே அவர் வாயிலில் கடிதம் எதுவும் வாராது. வட்டாரத் திட்டம் ஏற்கெனவே நடப்பில் இருந்தால் இந்த 21 நாள் அறிவிப்பும் இல்லை.

"அப்போ நாம படம் வரையறப்பவே போயிருக்கணும்" என்றார் பால்வெட்டும் மாது ஒருவர். ஒரு மணி நேரம் நாம் விளக்கியதை அவர் ஒரே வரியில் கூறிவிட்டார். அவரையே கரும்பலகையில் எழுதச் செய்தோம்.

(ஒரு காலத்தில் இவ்வாறு கேட்கும் வழக்கமே இருந்ததில்லை. 1950 இல் அவசரகாலத்தின்போது பிரிக்ஸ் திட்டம் தென் ஜொகூரில் தொடங்கியது. காட்டோரத்து மக்களை முள்வேலிக்குள் குடியமர்த்தியபோது, எங்கே வீடு வேண்டும் என்று எவரையும் கேட்டார்களில்லை. முதியோர் சிலர் இன்றும் வரைபடம் என்றாலே அஞ்சுவதற்கு அதுவும் ஒரு காரணம் போலும்.)

புக்கிட் கியாரா நிகழ்ச்சி

வீடமைப்புத் திட்டத்தைப் பற்றிக் குடிமக்கள் தம்முள் மாறுபட்டுப் பேசிய நிகழ்ச்சி ஒன்று கோலாலம்பூரில் உண்டு. அதில் ஒரு பக்கம் இருந்தோர் ரப்பர்த் தோட்டத்து மக்களே. புக்கிட் கியாராத் தோட்டத்தின் நிலம் அரசாங்கத்தால் எடுத்துக்கொள்ளப்பட்டபின், அங்குப் பணியாற்றிய குடும்பங்கள் 1980களின் தொடக்கத்தில் தாமான் துன் டாக்டர் இஸ்மாயில் பகுதியில் தற்காலிக நீள்வீடுகளில் குடியமர்த்தப்பட்டன. தற்காலிகம் என்ற சொல்லைக் கவனிக்கவேண்டும். ஆண்டுகள் நாற்பது சென்றன. குழந்தைகள் பெற்றோராயினர், பெற்றோர் பாட்டன் பாட்டியாயினர், நீள்வீடுகள் அப்படியே நின்றன.

பின்னர் அருகிலுள்ள ரிம்பா கியாராப் பூங்காவில் மிக உயர்ந்த அடுக்குமாடிகள் கட்டும் திட்டம் வந்தது. அத்துடன் நீள்வீட்டு மக்களுக்கும் வீடுகள் தரப்படும் என்று கூறப்பட்டது. அவர்கள் நம்பிக்கை கொண்டனர். அப்பகுதியின் பிற குடியிருப்பாளரோ, பூங்கா பொதுமக்களுக்கு உரியது, சாலைகள் நெரிசலைத் தாங்கா என்று எதிர்த்து வழக்குத் தொடுத்தனர். 2017 இல் வழங்கப்பட்ட மேம்பாட்டு உத்தரவை 2021 ஜனவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் செல்லாதென்றது. 2023 ஏப்ரலில் கூட்டரசு நீதிமன்றமும் அத்தீர்ப்பை உறுதி செய்தது. கோலாலம்பூருக்குத் திட்டமிடல் சட்டம் வேறு. ஆகையால் அதன் விதிகளை அப்படியே ஜொகூருக்குப் பொருத்திப் பார்த்தல் கூடாது.

பூங்காவைக் காக்க முன்வந்தோர் செய்தது பிழையன்று. வீடு கேட்டோர் கேட்டதும் பிழையன்று. தோட்டம் கைமாறிய நாளிலேயே நிலையான வீடு எழுத்தில் முடிவு செய்யப்பட்டிருந்தால், இவ்விரு சாராரும் நீதிமன்றத்தில் எதிரெதிரே நிற்க நேர்ந்திராது என்பதே நம் கருத்து. ஆதலால் அன்றைய கூட்டத்தில், 'தற்காலிக வீடு தருகிறோம்' என்று எவரேனும் கூறினால், எந்தத் தேதி வரை, அதன்பின் எந்த வீடு, யார் பெயரில் என்ற மூன்றையும் எழுதிக் கேளுங்கள் என்றோம்.

வேலை நிறுத்த நன்மையும் வீடும்

இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டவர் பலர். இவை வெவ்வேறானவை. தோட்ட வீடு வேலையோடு இணைந்தது. வேலையாட்களின் வீட்டு வசதிகள் பற்றிய 1990 ஆம் ஆண்டுச் சட்டம் வீட்டின் தரம், நீர், பராமரிப்பு ஆகியவற்றைப் பற்றிப் பேசுகின்றது. வீட்டை உரிமையாக்குவது பற்றி அன்று.

வேலை நிறுத்தப்படுவோர்க்குரிய நன்மையை 1980 ஆம் ஆண்டு விதிகள் வரையறுக்கின்றன. ஓராண்டு தொடர்ந்து பணியாற்றியவர் இதற்கு உரியவர். பணிக்காலம் இரண்டாண்டுக்குக் குறைவாயின் ஆண்டுக்குப் 10 நாள் ஊதியம், இரண்டு முதல் ஐந்தாண்டுக்குள் 15 நாள், ஐந்தாண்டும் அதற்கு மேலும் 20 நாள். வேலை முடிவுற்ற ஏழு நாளுக்குள் கொடுத்துவிடவேண்டும். முன்னறிவிப்பு முறையே நான்கு, ஆறு, எட்டு வாரம். வேலை ஒப்பந்தத்தில் இதனினும் குறைந்த தவணை குறிக்கப்பட்டிருந்தாலும் இதற்குக் குறையலாகாது.

கணக்கு ஒன்று போட்டுப் பார்த்தோம். மாதம் 1,700 வெள்ளி பெற்று 22 ஆண்டு பணியாற்றியவர் ஒருவர். பன்னிரண்டு மாத ஊதியம் 20,400 வெள்ளி. அதனை 365 ஆல் வகுக்க, ஒரு நாள் ஊதியம் 55 வெள்ளி 89 காசு. 22 ஆண்டுக்கு, ஆண்டுக்கு 20 நாளாக 440 நாள். ஆகத் தொகை ஏறத்தாழ 24,590 வெள்ளி. இளைஞர் ஒருவர் மாதச் சம்பளத்தை 26 ஆல் வகுத்து 28,000 வெள்ளிக்கு மேல் வரும் என்று வாதித்தார். தொழிலாளர் இலாகாவினர் கணக்கிடும் முறை பன்னிரண்டு மாதச் சராசரியே. முன்கூட்டி அறிந்திருந்தால் ஏமாற்றமும் இல்லை, ஏமாறுதலும் இல்லை.

தோட்டம் கைமாறும்போது, வாங்கியவர் ஏழு நாளுக்குள், முன்னைய நிபந்தனைக்குக் குறையாமல், வேலையைத் தொடருமாறு அழைத்தால், தக்க காரணமின்றி மறுப்பவருக்கு இந்நன்மை கிட்டாது. தொடர்ந்து வேலை செய்வோருக்குப் பழைய பணிக்காலமும் சேர்த்தே எண்ணப்படும். ஆதலின் கோபத்தில் மறுநாளே வேலைக்குப் போகாதிருத்தல் அறிவுடைமையாகாது.

இருபத்து நாலாயிரம் வெள்ளி கையில் வந்தாலும் அது வீடாகிவிடாது. வீடு வேண்டுமாயின் அதனைத் தனியே, நிலம் விவசாய வகையிலிருந்து கட்டட வகைக்கு மாற்றப்படும் முன்னரே கேட்கவேண்டும். நில வகையை மாற்றித் தருவது மாநில அரசாங்கம். மாற்றித் தரும்போது நிபந்தனை விதிக்கும் அதிகாரமும் அதற்கு உண்டு. மாவட்ட நில அலுவலகத்தின் வழியாக மாநில அரசாங்கத்திற்கும், சட்டமன்ற உறுப்பினருக்கும், தொழிற்சங்கத்திற்கும் ஒரே கடிதத்தின் படிகளை அனுப்புவதற்குக் காரணம் இதுவே. ஊழியர் சேமநிதியிலிருந்து வீட்டிற்காகப் பணமெடுக்கும் வழியும் உண்டு. அதனை வேறொரு திங்களில் விளக்குவோம். இப்போதைக்கு ஒன்று: விற்பனை ஒப்பந்தம் கையெழுத்தாகும் முன், 'இடம் பிடித்து வைக்கிறேன்' என்று பணம் கேட்பவரிடம் ஒரு காசும் கொடாதீர். உரிமம் பெற்ற வீடமைப்பாளர் அவ்வாறு வாங்குதலை விதிகள் தடுக்கின்றன.

கடிதம்

இரவு பதினொரு மணியளவில் இருசாராரும் ஒருவாறு உடன்பட்டனர். திட்டத்தை எதிர்ப்பதில்லை, வீடு கட்டும் வரை காத்திருப்பதுமில்லை, இப்பொழுதே எழுதிக் கேட்பது என முடிவாயிற்று. ஐவர் கொண்ட குழு அமைந்தது. அதில் மாதர் இருவர் இருக்கவேண்டும் என்று மூதாட்டியார் வற்புறுத்தியதால், முதலில் குறித்த இரு பெயர்கள் நீக்கப்பட்டன. நீக்கப்பட்டோருள் ஒருவர் சற்று மனத்தாங்கல் கொண்டார். அவரே மறுநாள் கடிதத்தைத் தட்டச்சு செய்து தந்தார் என அறிந்து மகிழ்ந்தோம்.

கடிதத்துடன் ஒரு பட்டியல் இணைக்கப்பட்டது. லய எண், வீட்டு எண், குடும்பத்தலைவர் பெயர், வேலையில் சேர்ந்த ஆண்டு, வீட்டிலுள்ளோர் தொகை, பள்ளி செல்லும் பிள்ளைகள், ஓய்வு பெற்றோர். இப்பட்டியல் இல்லாத கடிதம் பெரும்பாலும் கோப்பிலேயே தங்கிவிடும் என்பது நம் அனுபவம். ஓய்வு பெற்றுத் தோட்டத்திலேயே தங்கியிருப்போரை முதற்பட்டியலில் விட்டுவிட்டனர். அவர்கள் இப்பொழுது தொழிலாளர் அல்லரே என்று கருதினராம். கடிதம் எழுதக் காரணமாயிருந்த மூதாட்டியின் பெயரும் அவ்வாறே விடுபட்டிருந்தது. இரண்டாம் முறை எழுதியபோது ஓய்வு பெற்ற பதினொருவர் பெயரும் சேர்ந்தன.

ஊராட்சி மன்றத்தில் கடிதத்தைக் கொடுத்தபோது, படியொன்றில் நாளிட்ட முத்திரை பெற்று வந்தனர். வட்டாரத் திட்டத்தின் வரைபடத்தையும் அங்கேயே பார்க்கக் கேட்டனராம். அதில் அவர்கள் தோட்டம் இன்னும் விவசாயத்திற்குரிய பச்சை வண்ணத்திலேயே இருந்தது. ஆனால் அத்திட்டம் மறுஆய்வுக்கு வரவிருப்பதாக அலுவலர் கூறினார். எந்தத் திங்களில் என்று கேட்டு எழுதிக்கொண்டு வந்து, கோயில் மண்டபத்துச் சுவரில் ஒட்டியிருக்கின்றனர்.